குளிர் நாடுகளில் புதினா நடும் காலம்: கேள்வி பதில்

கேள்வி: குளிர்காலம் நீண்டிருக்கும் இடத்தில் புதினாவை எந்த மாதத்தில் நடுவது?

பதில்: மாதத்தைவிடக் கடைசி உறைபனி எப்போது விலகுகிறது என்பதையே பாருங்கள். வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகள் பலவற்றில் அது ஏப்ரல் இறுதியிலிருந்து மே மாதத்துக்குள் அமையும். வேரூன்றிய செடி லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும் என்றாலும், வீட்டுக்குள் வளர்ந்த நாற்றின் இளந்தழை ஒரே இரவில் கருகிவிடக்கூடும். எனவே நடுவதற்கு முன் 7 முதல் 10 நாட்கள், முதலில் பகலில் சில மணி நேரம் மட்டும் வெளியே வைத்து, பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். இப்படிப் பழக்குவதைத் தவிர்ப்பதனால்தான் நல்ல நாற்றுகள் பல வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வசந்தத்தைத் தவறவிட்டேன். இலையுதிர்காலத்தில் நடலாமா?

பதில்: நடலாம். ஆனால் கடும் உறைபனி தொடங்குவதற்கு ஆறு வாரங்களாவது இருக்க வேண்டும். மண்ணில் வெப்பம் மீந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் வேர் பிடிக்கும்.

கேள்வி: விதை நல்லதா, தண்டு நல்லதா?

பதில்: தண்டுதான். பெப்பர்மின்ட் என்னும் புதினா வகை, நீர்ப்புதினா, ஸ்பியர்மின்ட் என்னும் வேறு இரு புதினா வகைகள் கலந்து பிறந்த கலப்பினம். அது பெரும்பாலும் மலடு என்பதால், அதை விதையால் பெருக்க இயலாது. மற்ற வகைகளும் விதையில் தாய்ச்செடியின் மணத்தை அப்படியே தருவதில்லை. பூக்காத தண்டு ஒன்றை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, நீரில் நிறுத்தினால் ஓரிரு வாரங்களில் வேர் விடும்.

கேள்வி: குளிரில் செடி முழுவதும் காய்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். மேல்பகுதி மடிவது இயல்பு. மண்ணுக்கடியில் உள்ள தண்டுகள் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். தொட்டிச் செடிக்கே கவனம் அதிகம் தேவை, ஏனெனில் தொட்டி மண் நாற்புறமும் உறைகிறது. அதைச் சுவரோரம் நகர்த்தி, சாக்கால் சுற்றி வையுங்கள்.

கேள்வி: குளிர்காலத்திலும் இலை பறிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. இலையுதிர்காலத்தில் நிலத்தடித் தண்டுகள் சிலவற்றைத் தோண்டியெடுத்து, விரல்நீளத் துண்டுகளாக நறுக்கி, தொட்டி மண்ணில் படுக்கை வாட்டில் புதைத்து, வெளிச்சம் மிகுந்த சன்னலருகே வையுங்கள். சில வாரங்களில் தளிர் எழும்.