மரங்களும் பருவங்களும்: டீச்சரிடம் கேட்டவை

எந்த மாதத்தில் எந்த மரம் என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. எனக்குத் தெரிந்தவை தமிழ்நாட்டுத் தெரு மரங்களும் வறண்ட காட்டு மரங்களும்தான்.

கோவையிலிருந்து: மரங்களைக் கவனிக்க ஆசை. எங்கே தொடங்குவது டீச்சர்?

வீட்டு வாசலில். தினமும் கடந்துபோகும் ஒரே ஒரு மரம் போதும். புங்கமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அது வேகமாக மாறும். மாசி, பங்குனியில் இலை கொட்டும். சில நாளில் பளபளவென்று இளம்பச்சைத் தளிர் வரும், சித்திரை வாக்கில் பூ உதிர்ந்து தெருவே வெளுக்கும். காய் முற்ற அடுத்த கோடை நெருங்கிவிடும்.

வாரம் ஒரு நாளை முடிவு செய்துகொள்ளுங்கள். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்பதில் ஒன்றை எழுதுங்கள். பொதுமக்களே மரங்களைக் கவனித்துக் குறிக்கும், 2010-இல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் குறிக்கிறார்கள். பூ இல்லாத வாரத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 'இல்லை' என்று எழுதியிருந்தால்தான் பூ எந்த வாரம் தொடங்கியது என்று பிறகு தெரியும்.

சென்னையிலிருந்து: மார்கழியில் எங்கள் வேப்பமரம் முழுக்கக் கருகிவிட்டது. வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளங்கொப்புகளில் சாறு உறிஞ்சுவதாலும், ஒரு பூஞ்சை நோயாலும் வேம்பு நுனியிலிருந்து காயும். மழைக்காலக் கடைசியில் தொடங்கி, மார்கழி, தையில் மரமே வெந்ததுபோல் தெரியும். கொப்பின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பங்குனி வரை பொறுங்கள், பெரும்பாலான மரங்கள் செம்பு நிறத் தளிரோடு மீண்டுவிடும். இப்படிக் காய்வதைப் பார்த்துவிட்டு நல்ல மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை.

திருவாரூரிலிருந்து: அரசமரம் எப்போது இலை உதிர்க்கும்?

மாசி, பங்குனியை ஒட்டி. பக்கத்துப் பக்கத்து மரங்களே முன்பின்னாக உதிர்க்கும்.

சேலத்திலிருந்து: எங்கள் தோட்டத்து வேம்பும் காய்கிறது. மருந்து அடிக்கணுமா?

வளர்ந்த மரத்துக்கு நீங்களாக எதையும் வாங்கி அடிக்க வேண்டாம். முதலில் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். வெட்ட வேண்டாம்.

மதுரையிலிருந்து: மழையே இல்லாத கடும் வெயிலில் மரங்கள் எப்படித் துளிர்க்கின்றன?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இலை இருக்கும்வரை மரம் அதன் வழியே நீரை இழந்துகொண்டே இருக்கும். இலையைக் கொட்டியதும் அந்த இழப்பு பெருமளவு நின்றுவிடுகிறது. வேர் ஆழமாகப் போயிருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிமண்ணில் இறங்கிய ஈரம் இன்னும் கிடைக்கும். அந்த நீர் தண்டில் மெல்ல ஏறி நிறைந்ததும் மொட்டு விரிகிறது. பல மரங்களுக்குப் பகல் நீள்வதும் ஒரு சமிக்ஞை.

மரத்துக்கு என்ன லாபம்? மழை வரும்போது இலை முற்றித் தயாராக இருக்கும். இன்னொன்று பூச்சி. முதுமலைக் காட்டில் நடந்து 1993-இல் வெளிவந்த ஆய்வில், மழைக்கு முன்பே துளிர்த்த மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகத் தின்றிருந்தன. மழையோடு புழுக்கள் பெருகும்போது முன்னால் துளிர்த்த இலை தடித்துவிடுகிறது. பின்னால் துளிர்ப்பவைதான் மாட்டிக்கொள்கின்றன.

திருநெல்வேலியிலிருந்து: எங்கள் தெருவில் கொன்றை ஐப்பசியில் பூத்திருக்கிறது. பருவநிலை மாற்றம்தானே?

அது சரக்கொன்றைதானா என்று முதலில் பாருங்கள். சரக்கொன்றையின் கொத்து கீழ்நோக்கித் தொங்கும், காய் உருண்டு நீண்ட குச்சி. சாலையோரம் நட்டிருக்கும் மஞ்சள் கொன்றைக்குப் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், காய் தட்டை. அது மழைக்காலத்திலும் பூக்கும். சரக்கொன்றையே என்றாலும், சித்திரை, வைகாசிப் பெரும்பூப்புக்குப் பிறகு மழையில் சில கொத்து விடுவது உண்டு. ஒரு மரத்தின் ஒரு வருடத்தை வைத்துப் பருவநிலை பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

ஒரு தமிழாசிரியர்: சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலப் பூ ஆயிற்றே. இப்போது சித்திரையில் பூப்பதே மாற்றத்துக்குச் சான்று இல்லையா?

குறுந்தொகை 66-ஆம் பாட்டையே எடுத்துக்கொள்வோம். மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது, கார்காலத்தில் வருவேன் என்று போன தலைவன் வரவில்லை. 'இது கார் அல்ல, காலம் தவறிய மழையைக் கார் என்று நம்பி இந்தப் பேதைக் கொன்றை பூத்துவிட்டது' என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். மழை வந்தால் கொன்றை முன்கூட்டியே பூக்கும் என்று கேட்பவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தேறுதல் எடுபடும். மரத்தையும் மழையையும் சேர்த்துப் பார்த்தவர்களின் பேச்சு அது. ஆனால் தோழி சொல்வது ஆறுதல். அதிலிருந்து எந்த மாதம் என்று எடுக்க முடியாது.

அதே ஆசிரியர்: அப்படியானால் ஒரு பாட்டு அல்ல, இத்தனை முல்லைப் பாடல்கள் சொல்வதும் கற்பனையா டீச்சர்?

இல்லை ஐயா, அப்படிச் சொல்லவே மாட்டேன். கொன்றை மழையில் பூப்பதைப் புலவர்கள் கண்டிருக்கிறார்கள். மேற்கு மலையை ஒட்டிய ஊர்களில் ஆனியிலேயே மழை தொடங்கிவிடும், கொன்றையின் கடைசிப் பூவும் அந்த மழையும் சேர்ந்தே இருக்கும். முல்லைக்கு உரிய பூ என்ற மரபும் அதை நிலைநிறுத்தியிருக்கும். கோடைப் பூப்பு அன்று இல்லை என்பதற்கு மட்டும் அது சான்றாகாது.

ஈரோட்டிலிருந்து: மாடியில் ரோஜா பூக்கவில்லை, என்ன உரம் போடலாம்?

பக்கத்து நாற்றங்காலில் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: வேம்பு காய்ந்து...

சென்னைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். வெட்ட வேண்டாம்.

மீண்டும் தமிழாசிரியர்: எங்கள் பள்ளியில் இரண்டு சரக்கொன்றை இருக்கின்றன. எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

ஆவணி முதல் கார்த்திகை வரை வாரம் ஒருமுறை பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். முந்தைய வாரம் எவ்வளவு மழை பெய்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். மழைக்குப் பூத்த கொத்தில் நூல் கட்டி, அது காய் பிடிக்கிறதா என்று பாருங்கள். சித்திரையில் பிடித்த காய்கள் அதற்குள் நீண்டிருக்கும், கலந்துவிடாமல் தனியாகக் குறிக்க வேண்டும். கார்த்திகை முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள்.