வரவு 110 மில்லி

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் ஆபரேஷன் நாட்களில் தோழிகளோடு விழுந்து விழுந்து சிரித்ததை எழுதியிருந்தீர்கள், படித்தேன். என் சிநேகிதிக்கு வருகிற வியாழக்கிழமை மதுரையில் மார்பக ஆபரேஷன். இடது பக்கம் முழுதாக எடுக்கிறார்கள். அவள் வீட்டில் நோயின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை, 'அந்த வியாதி' என்கிறார்கள். துணைக்கு இருக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கோ அவள் முகத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது. தமாஷாகப் பேசவும் வராது. நான் எப்படி அவளைச் சிரிக்க வைப்பது? இதையெல்லாம் வைத்துச் சிரிப்பது தப்பில்லையா என்று என் வீட்டுக்காரர் வேறு கேட்கிறார்.

பெயர் வேண்டாம், தேவகோட்டை

அன்புள்ள தேவகோட்டைச் சகோதரிக்கு,

வியாழக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்று மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் அவரைச் சிரிக்க வைக்க வேண்டாம். அவர் சிரித்தால் கூடச் சிரியுங்கள், போதும். என் தோழிகள் இரண்டு பேர், ஒருத்தி பள்ளத்தூர், ஒருத்தி கோட்டையூர். இரண்டு பேருமே வேலை பார்க்க வந்தவர்கள். வேலைக்கு நடுவில் சிரிப்பு தானாக வந்தது.

மார்பை எடுத்த இடத்தில் நீர் சேரும். தேங்கிவிடாமல் இருக்கத் தோலுக்கு அடியில் ஒரு குழாய் வைத்து, வெளியே ஒரு பாட்டிலில் வடிய விடுவார்கள். என்னை அந்தப் பாட்டிலோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் அளந்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பள்ளத்தூர்க்காரி எங்கள் வீட்டு மேல்மாடியில் கிடந்த நீளப் பேரேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கினாள்: 'வரவு 110 மில்லி.' மறுநாள் 85. கோட்டையூர்க்காரி சிவப்பும் பச்சையுமாக ஓலையில் ஒரு கொட்டான் (சின்னக் கூடை) முடைந்து, காது வைத்துக் கொடுத்தாள். பாட்டிலை அதில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வளவை (வீட்டு நடுமுற்றத்தை)ச் சுற்றி நடப்பேன். விசாரிக்க வந்த எண்பது வயது ஆச்சி ஒருவர், "கொட்டானுக்குள்ள என்ன, பணியாரமா?" என்று கையை நீட்டிவிட்டார். ஒன்பதாம் நாள் 25 மில்லி. "இனிமே இந்த யாவாரம் கட்டுபடியாகாது, கடையச் சாத்திருவோம்" என்று பள்ளத்தூர்க்காரி ஐந்தொகை போட்டுக் கணக்கை முடித்தாள்.

சிரித்தால் தையல் இழுக்கும். ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் சிரிக்க வேண்டும். இதைத் தமாஷுக்குச் சொல்லவில்லை, கட்டாயம் ஒன்று எடுத்துப் போங்கள். காரில் ஊர் திரும்பும்போது சீட் பெல்ட் உறுத்தாமல் இருக்கவும் அதுதான் உதவும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஆஸ்பத்திரி அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தாங்கவில்லை. "பர்மாத் தேக்குத் தூணையே கழட்டி வித்துட்டோம், இதையும் முனீஸ்வரன் கோயில் தெருவுல குடுத்தா என்ன விலைக்குப் போகும்?" என்றேன். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் சாமானும் விற்கிற காரைக்குடித் தெரு அது.) கோட்டையூர்க்காரி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஜோடியா இருந்தாத்தான் விலை" என்றாள். நர்ஸ் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சை அவள் முதலில் எடுத்திருந்தால், அவளை அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற்றியிருப்பேன்.

ஏனென்றால் இன்னொரு சிரிப்பையும் பார்த்தேன். சொந்தக்காரர் ஒருவர் எங்கள் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "அம்பத்தி நாலு வயசுல பிள்ளைக்குப் பாலா குடுக்கப்போற? போனாப் போகுது" என்றார். அவரும் ஆறுதலாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய் மட்டும் போகிறது, நான் போவதில்லை. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது இந்த மாதிரிச் சிரிப்புக்கு என்றால் அவர் சொல்வது சரிதான்.

'அந்த வியாதி' என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில்தான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. நாம் இன்னும் பெயரைச் சொல்லவே கூசுகிறோம். பிறரைச் சொல்வானேன், நானும் வாயைத் திறக்காமல் இருந்தவள்தான். கட்டி கையில் தட்டுப்பட்டபோது வலிக்கவில்லை. வலிக்காத கட்டி என்ன செய்துவிடும், என் வீட்டுக்காரருடைய சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) முடியட்டும் என்று நாலு மாதம் தள்ளினேன். மனகோலமும் தேன்குழலும் டின் டின்னாகச் செய்து அடுக்கினேன். மார்பில் வரும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அக்குள் நெறிக்கட்டி வரை போயிருந்தது. அந்த நாலு மாதத்தை வைத்து இன்றுவரை என்னால் ஒரு தமாஷ்கூடப் பண்ண முடியவில்லை.

நெறிகளையும் சேர்த்து எடுத்ததால் கை மேலே தூக்க வரவில்லை. சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்றிப் பழக வேண்டும் என்றார்கள். எங்கள் வளவுச் சுவரோ முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது, விரல் வழுக்கிக்கொண்டு வரும். தினமும் எட்டிய இடத்தில் பள்ளத்தூர்க்காரி பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். நூறு வருஷச் சுவரில் கோடு போடுகிறார்களே என்று மாமியாருக்கு ஒரே கோபம். மூன்றாம் வாரம் பென்சிலை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். (அந்தப் பக்கத்துக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள், கை வீங்கிக்கொள்ளுமாம்.) கீமோ, கதிர்வீச்சு, முடி கொட்டியது எல்லாம் தனிக் கதை, இப்போது வேண்டாம்.

அழுகை வருகிறது என்கிறீர்கள். வந்தால் வரட்டும். எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்த ராத்திரி எங்கள் வீட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கோட்டையூர்க்காரி என் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விடிய விடிய ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சத்தத்தில் நான் எப்போதோ தூங்கிப்போனேன்.

முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள ரவிக்கை நாலைந்து தைத்துக்கொள்ளுங்கள். தலையணையோடு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வரும் போனையெல்லாம் நீங்களே எடுங்கள். அப்புறம், உங்கள் கடிதத்தைக் கோட்டையூர்க்காரியிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேளு" என்கிறாள். இன்றைக்கே எழுதுங்கள், ஓலைக்குச் சாயம் ஏற்றிக் காயவைக்க ஒரு நாள் வேண்டும்.