கேளுங்கள் அக்காவிடம்: கோழிச் சிறகும் மில்க் ஷேக்கும்

அக்கா, நாகர்கோவிலில் அமெரிக்க டைனர் பாணியில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். சிவப்பு மெத்தை இருக்கை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை என்று பார்க்கவே அழகாக இருக்கிறது. அம்மாவை அங்கே கூட்டிப் போக ஆசை. எழுபதை நெருங்குகிறார். "எனக்கெதுக்கு மக்களே அதெல்லாம், ரெண்டு ஆப்பம் போதும்" என்கிறார். கூட்டிப் போகலாமா? போனால் என்ன வாங்கிக் கொடுப்பது?
- வாசகி, கருங்கல்

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள் மக்களே. உட்கார்ந்ததும் சிக்கன் விங்ஸ் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் விங்ஸ் என்கிறேன் தெரியுமா? நம் வீடுகளில் கோழிக்கறி பரிமாறுவதை நினைத்துப் பாருங்கள். கால் பிள்ளைகளுக்கு. நெஞ்சுத் துண்டு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு. சட்டியின் அடியில் மிஞ்சுகிற சிறகும் கழுத்தும் அம்மாவுக்கு. "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொல்லியே எத்தனை அம்மாக்கள் காலத்தை ஓட்டிவிட்டார்கள்! என் அம்மாவும் அப்படித்தான். தேங்காயெண்ணெயில் பொரித்த சிறகை எடுத்து, நுனியை முறித்து, எலும்பை வெள்ளையாக உறிஞ்சிவிட்டுத்தான் கீழே வைப்பார். அந்தப் பேச்சில் பாதி விட்டுக்கொடுத்தல், பாதி உண்மை. கறி குறைவு, தோல் அதிகம், சதையெல்லாம் எலும்பை ஒட்டியே இருக்கும். பொரித்தால் கோழியில் இவ்வளவு ருசியான இடம் வேறு கிடையாது.

அமெரிக்காவிலும் சிறகுக்கு வெகுகாலம் இதே கதிதான். பெரும்பாலும் சூப்புப் பானைக்குத்தான் போகும். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஒரு நகரம். அங்கே ஆங்கர் பார் என்ற உணவகத்தை நடத்திய குடும்பத்துப் பெண் தெரசா பெலிசிமோ. 1964-ல் அவர்தான் அந்தச் சிறகை எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்ததில் புரட்டிக் கொடுத்தார் என்பார்கள். இன்று அந்த நாட்டில் சிறகை நம்பியே கடைகள் நடக்கின்றன. ஒரு தட்டு முழுக்கச் சிறகு மட்டும், சுடச்சுட, முதல் ஆளாக அவர் முன்னால் வந்து உட்காருவதை உங்கள் அம்மா பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆசை நிறைவேறவில்லை. நீங்கள் செய்யுங்கள்.

தட்டில் இரண்டு விதத் துண்டு இருக்கும். ஒன்று குட்டிக் கால் மாதிரி, ஒற்றை எலும்பு. இன்னொன்று தட்டை, உள்ளே இரண்டு எலும்பு. தட்டையை எடுத்து, இரண்டில் மெல்லிய எலும்பைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தால் கழன்று வந்துவிடும். அப்புறம் அம்மாவுக்குக் கடிக்கச் சிரமம் இருக்காது. கத்தி, முள்கரண்டி எதுவும் வேண்டாம், அங்கேயும் விங்ஸைக் கையால்தான் சாப்பிடுகிறார்கள். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், காரம் அவர் கையில் இருக்கட்டும். தொட்டுக்கொள்ள மயோனைஸ் வைத்தால் முட்டை சேர்த்ததா என்று விசாரியுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது காரணமில்லாமல் இல்லை. வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

கடையின் மினுக்கைப் பார்த்து அம்மா தயங்கினால் இதைச் சொல்லுங்கள். 1872-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து, ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்குச் சாப்பாடு விற்றார். டைனரின் ஆரம்பம் அதுதான். நம் ஊர் தட்டுக்கடை மாதிரி, உழைக்கிறவர்களுக்காக வந்த கடை.

அக்கா, நண்பர்களோடு விங்ஸ் சாப்பிட்டேன். காரம் தாங்காமல் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தும் எரிச்சல் போகவில்லை. மில்க் ஷேக் குடித்ததும் அடங்கிவிட்டது. வீட்டில் சொன்னால் ஆச்சி, "கோழியும் பாலும் சேர்த்தா தின்ன? வயிறு கெட்டுப்போகும்லே" என்று திட்டுகிறார். அப்படியா?
- கல்லூரி மாணவர், குளச்சல்

தம்பி, மிளகாயில் எரிகிற பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் வாயெல்லாம் பரவுமே தவிர போகாது. பாலில் கொழுப்பு இருக்கிறது, கேசின் என்ற புரதமும் இருக்கிறது. அந்தப் புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். குளிர்ச்சியும் இனிப்பும் கூடவே உதவும். ஆக, அந்த நேரத்தில் சரியானதைத்தான் குடித்திருக்கிறீர்கள்.

கடலோரத்து வீடுகளில் மீனையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள். ஆச்சி அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். கோழியும் தயிரும் சேர்த்துப் பிரியாணிக்கு ஊறப்போடுகிறோமே, என்ன ஆகிவிட்டது? பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் மட்டும் ஷேக்கைத் தொட வேண்டாம். ஒரு விஷயத்தில் ஆச்சி பக்கம்தான் நான்: பொரித்ததும் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் கனம். ஒரு ஷேக்கை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா, பேத்தி மில்க் ஷேக் கேட்கிறாள். பாலில் பழம் போட்டு அடித்துக் கொடுத்தால், "தாத்தா, இது ஷேக் இல்லை" என்கிறாள். என்ன வித்தியாசம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பேத்தி சொல்வது சரிதான் சார். அமெரிக்க ஷேக்கில் ஐஸ்கிரீம்தான் முதல், பால் பேருக்கு. 1922-ல் சிகாகோவில் வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடையின் சோடா கவுன்ட்டரில் வேலை பார்த்த ஐவர் கூல்சன் என்பவர், மால்ட் பாலில் வெனிலா ஐஸ்கிரீமைப் போட்டு அடித்துக் கொடுத்தார். மால்ட் ஷேக் பிரபலமானது அதிலிருந்துதான். மால்ட் பால் நமக்குத் தெரியாததா? இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஹார்லிக் சகோதரர்கள் ரசீன் என்ற ஊரில் தயாரித்த மாவு அது. நம் அலமாரியில் ஹார்லிக்ஸாக இருக்கிறது.

வெனிலா ஐஸ்கிரீம் மூன்று கரண்டி, நன்றாகக் குளிர்ந்த கெட்டிப் பால் கால் தம்ளர், ஹார்லிக்ஸ் இரண்டு ஸ்பூன். பழத்துக்கு நம் மட்டி வாழைப்பழத்தைப் போடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், இந்த மணம் வேறு எதிலும் வராது. நன்கு பழுத்ததாக இரண்டை உரித்து முதல் நாளே ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் ஐஸ் கட்டியே தேவைப்படாது. ஐஸ் சேர்த்தால் நீர்த்துப்போகும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட விடாதீர்கள், சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும். விட்டு விட்டு நாலைந்து சுற்று. ஸ்ட்ராவில் இழுக்கச் சற்றே சிரமமாக இருந்தால் பதம் சரி.