ஆக்சலாட்டலோடு ஆறு வாரம் வெளியூர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறோம். அதனால் ஆறு வாரம் தம்பி வீட்டில் தங்கப் போகிறோம். காரில் மூன்று மணி நேரப் பயணம். என்னிடம் நான்கு வயது ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும், பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்வி) ஒன்றும், அதற்கு 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியும் இருக்கின்றன. மீன் கடைக்காரர் பயணத் தொட்டி, பயம் தெளிவிக்கும் சொட்டு மருந்து, பாட்டில் பாக்டீரியா, ஆக்சிஜன் மாத்திரை, ஹீட்டர் என்று ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனையும் வேண்டுமா? தம்பியோ, பாதித் தண்ணீரோடு தொட்டியை அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டால் அதற்கு இடம் மாறியதே தெரியாது என்கிறான்.

பதில்: முதலில் தம்பியின் யோசனையைக் கைவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாதித் தொட்டி என்றாலே 50 கிலோ, கண்ணாடியின் எடை தனி. தூக்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அடிக்கண்ணாடி லேசாக வளையும், சிலிக்கான் ஒட்டு விட்டுக்கொடுக்கும். அப்போதே உடைந்தால்கூடப் பரவாயில்லை. பல சமயம் தம்பி வீட்டில் நிரப்பி வைத்து இரண்டு நாள் கழித்து, நடு இரவில்தான் கசியத் தொடங்கும். தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து, மணலையும் அள்ளிவிட்டு, வெறும் கண்ணாடியாகத்தான் எடுத்துப் போக வேண்டும். போகிற இடத்தில் மட்டமான, நல்ல பாரம் தாங்கும் மேசையும், தொட்டிக்கு அடியில் விரிக்க ஒரு தெர்மாகோல் அட்டையும் தயாராக இருக்கட்டும்.

இனி கடைக்காரரின் பட்டியல். அதில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுகூட இல்லை என்பேன்.

ஹீட்டரைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஆக்சலாட்டல் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய ஸோச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே உள்ள இடம் அது, தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம், 20 வரை பொறுத்துக்கொள்ளும். 24 தாண்டினால் வேதனை. அதற்குச் சூடுதான் எதிரி, ஹீட்டரை விற்பவருக்கு இது தெரியவில்லை என்றால் மற்றப் பொருள்களைப் பற்றியும் அவர் சொல்வதைக் கொஞ்சம் யோசித்தே கேளுங்கள்.

ஆக்சிஜன் மாத்திரையும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகவே கரைந்திருக்கும். போதாததற்கு ஆக்சலாட்டலுக்குச் செவுளோடு நுரையீரலும் உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மூடிய பெட்டியில் பாதி காற்று இருந்தால் மூன்று மணி நேரத்துக்குத் தாராளம். பயம் தெளிவிக்கும் சொட்டு மருந்து பலவற்றில் சோற்றுக்கற்றாழைச் சாறு கலந்திருக்கும். செதில் உள்ள மீனுக்காகச் செய்தது அது. ஆக்சலாட்டலின் தோல் தண்ணீரில் உள்ளதை எல்லாம் உறிஞ்சும் தோல். அதன் மேல் இந்தப் பரிசோதனை வேண்டாம். பாட்டில் பாக்டீரியா தீங்கு செய்யாது. ஆனால் உயிருள்ள பாக்டீரியாவே உங்கள் ஃபில்டரில் இலவசமாக இருக்கும்போது, எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்ததோ தெரியாத பாட்டிலுக்கு ஏன் காசு?

விஷயமே அந்த ஃபில்டரில்தான் இருக்கிறது. ஆக்சலாட்டலின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது செத்துவிட்டால் மறுபடி வளர நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். நீங்கள் திரும்பி வரும் நாளே வந்துவிடும். இடம் மாறிய ஒரு வாரத்தில் ஆக்சலாட்டல் சுணங்கினால், பயண அலுப்பு என்று சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் உண்மையான காரணம், கிளம்பும் முன் யாரோ ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவியதுதான். நானே ஒருமுறை அப்படிக் கழுவியவன். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றது. அடுத்த மூன்று வாரம் தினமும் வாளி தூக்கினேன்.

ஆகவே ஸ்பாஞ்சைக் கழுவாமல், ஈரமாகவே ஒரு டப்பாவில் போட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி, மேலே காற்றுக்கு இடம் விட்டு மூடுங்கள். கேனிஸ்டர் ஃபில்டராக (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) இருந்தால், தண்ணீர் நிறைந்தபடி மூடிக் கொண்டு போகாதீர்கள். ஓடாத ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோய்ச் சில மணி நேரத்திலேயே பாக்டீரியா சாகத் தொடங்கும். புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால், இப்போதே ஒரு சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி, இருக்கிற ஃபில்டரின் பக்கத்திலேயே ஓடவிடுங்கள். அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும், ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றொன்று கைகொடுக்கும். மொத்தத்தில் நான் மனதாரச் செலவழிக்கச் சொல்லும் பொருள் இதுதான்.

இதோடு தண்ணீரைச் சோதிக்க, சொட்டு ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வேண்டும். காகிதப் பட்டை வேண்டாம். பலவற்றில் அம்மோனியா பார்க்கும் கட்டமே இருப்பதில்லை. குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் வேண்டும், அதில் கற்றாழை கலந்திருக்கிறதா என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மைதான். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீராக இருந்தால் பிடித்து வைத்துப் பயனில்லை. தம்பியிடம் அவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டில் இப்போதே கேட்டு வாங்கி பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பாருங்கள். உங்கள் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகம் என்றால், பழைய தண்ணீரில் கால் பங்கையாவது கேன்களில் கொண்டுபோய்க் கலந்துகொள்ளலாம். தொட்டி நிறையப் பழைய தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை.

பயணத் தொட்டிக்குப் பதில், உள்பக்கம் வழவழப்பான, மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி போதும். சோப்பு படாத புதுப்பெட்டியாக, ஆக்சலாட்டல் உடம்பை வளைத்துத் திரும்பும் அளவுக்கு இருக்கட்டும். உள்ளே கல்லும் வேண்டாம், செடியும் வேண்டாம். வளைவில் வண்டி திரும்பும்போது அவைதான் இடிக்கும். இந்தப் பெட்டியை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே துண்டில் சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்றைச் செருகிவிட்டால் சூடும் ஏறாது, வெளிச்சமும் உள்ளே போகாது. ஐஸைத் தண்ணீரில் நேரடியாகப் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த ஆக்சலாட்டல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தின்பதுதான், பட்டினி என்று வருந்த வேண்டாம். வழியில் கழிவு விட்டுத் தண்ணீரைக் கெடுப்பதுதான் ஆபத்து. பிடிக்கும்போது வலை போட்டுத் துரத்தாதீர்கள். செவுள் இழையும் விரலும் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். பெட்டியைத் தொட்டிக்குள் முக்கி, பின்னாலிருந்து மெல்ல ஒதுக்கினால் தானாக நடந்து வந்துவிடும், மண்புழு ஆசை காட்டினால் இன்னும் சுலபம் (காட்டினால் போதும், ஊட்ட வேண்டாம்). வண்டியில் கடைசியாக ஏற்றுங்கள். வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கக் குழந்தைகள் ஆசைப்படுவார்கள், தடுத்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை தொட்டியும் ஃபில்டரும்தான். சாப்பாடு, குளியலெல்லாம் பிறகு. ஃபில்டர் ஓடத் தொடங்கி, இரு தண்ணீரின் வெப்பமும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்த பிறகு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகப் பெட்டியில் சேர்த்து, அப்புறம் சாய்த்து விடுங்கள். முதல் வாரம் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். துளி நிறம் மாறினாலும் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். அந்த அறையில் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: நாங்கள் பத்து நாள் மட்டும் ஊரில் இருக்க மாட்டோம். ஆக்சலாட்டலை நண்பர் வீட்டில் விடலாமா, தானாகத் தீனி போடும் கருவி வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பத்து நாளுக்காக இடம் மாற்றுவதைவிட இருந்த இடத்தில் விடுவதே அதற்கு நல்லது. கருவி போடும் குருணைத் தீனியைப் பல ஆக்சலாட்டல்கள் திரும்பிக்கூடப் பார்க்காது; அது அடியில் அழுகி அம்மோனியாவாகும். நண்பர் இரண்டு மூன்று முறை வந்து மண்புழு போட்டு, மிச்சத்தை எடுத்துவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துப் போனால் போதும். வெயில் காலம் என்றால் தண்ணீரின் மேல் காற்று படுமாறு ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இது அவ்வளவாக எடுபடாது. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவது ஆடம்பரமில்லை.

கேள்வி: வேலை மாற்றலாகி வேறு நாட்டுக்குப் போகிறோம். பிளேனில் கூடவே கொண்டு போகலாமா?

பதில்: பெட்டி வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். ஆக்சலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். எல்லை தாண்ட அனுமதிச் சான்று கேட்பார்கள். சில இடங்களில் வளர்ப்பதற்கே தடை உண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா ஓர் உதாரணம். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் தொட்டியும் ஃபில்டருமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இடம் மாற்றி மூன்று நாளாகிறது. எதுவும் தின்னவில்லை. செவுள் முன்பக்கமாக வளைந்திருக்கிறது, வால் நுனி சுருண்டிருக்கிறது. கடையில் நீல மருந்து ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஊற்றாதீர்கள். அந்த நீல மருந்து மெத்திலீன் புளூ. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகும். நீங்கள் சொல்லும் இரண்டும் மன உளைச்சலின் அடையாளங்கள், நோயாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அம்மோனியா, நைட்ரைட், வெப்பம் மூன்றையும் இன்றே பாருங்கள். மூன்றும் சரி என்றால் ஃபில்டரின் பலமான நீரோட்டம் காரணமாக இருக்கலாம், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டை உள்ளே போடுங்கள். அம்மோனியா தெரிந்தால், தொட்டி சரியாகும் வரை ஆக்சலாட்டலைத் தனி டப்பில் வைத்து, குளோரின் நீக்கிய, அதே அளவு குளிர்ச்சியுள்ள தண்ணீரைத் தினமும் முழுதாக மாற்றுங்கள். செவுளில் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது படர்ந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். நீர்நில வாழ்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.