“கூட வந்தது யாரு?”: அந்தச் செலவுக்கும் பணம் ஒதுக்குங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வயது 52. கணவர் இறந்து 2 வருடம் ஆகிறது. மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். மதுரையில் ஆபரேஷன், அப்புறம் கீமோ. என் பேரில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது, தாலியோடு சேர்த்து 7 பவுன் நகை இருக்கிறது. விசைப்படகில் வேலை பார்க்கும் மகன், சொந்தமாக ஃபைபர் வள்ளம் வாங்க அந்த 3 லட்சத்தைக் கேட்கிறான். டெபாசிட்டை உடைப்பதா, நகையை விற்பதா? “உடல் நலத்திலும் நோயிலும்” என்று கோயிலில் வாக்குக் கொடுத்த மனிதர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பணக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

அவர் இருந்திருந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் வரிசையில் நின்றிருப்பார், ராத்திரி உங்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார். வார்டு வாசலில் நர்ஸ் “கூட வந்தது யாரு?” என்று கூப்பிட்டால் எழுந்து ஓடியிருப்பார். இனி அதை வேறு ஒருவர் செய்ய வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போகும். ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயப்படும் எல்லோரும் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் பில். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. புற்றுநோய் ஆபரேஷனும் கீமோவும் அதில் உண்டு. கணவர் காலத்தில் எடுத்த அட்டை இருந்தால் அதையே கொண்டுபோய்ச் சரிபாருங்கள். ரேஷன் கார்டில் இன்னும் அவர் பெயர் இருந்தால் நீக்கி, உங்களைக் குடும்பத் தலைவியாக மாற்றுங்கள். இந்தக் காப்பீடு கிடைத்தால் டெபாசிட் முழுவதையும் உடைக்கத் தேவையே வராது. 1 லட்சத்தை மட்டும் எடுத்துச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். பாதியில் எடுத்தால் வட்டி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அந்த 1 லட்சத்தில் துணைக்கு மட்டும் 40,000 தனியாக வையுங்கள். கீமோ பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒரு முறை வரும். எத்தனை முறை என்று டாக்டர்தான் சொல்வார். 6 முறை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 3 நாள் என்றால் 18 நாள். கூட வருபவருக்கு நாளுக்கு 500 கூலி, சாப்பாட்டுக்கு 300 போட்டால் 14,400. ஆபரேஷனுக்கு 10 நாள், அது 8,000. மீதி போக்குவரத்துக்கும் எதிர்பாராத நாட்களுக்கும். மதினியோ பக்கத்து வீட்டு அக்காவோ “காசெல்லாம் எதுக்கு” என்பார்கள். கையில் திணித்துக் கொடுங்கள். மூன்றாவது கீமோவுக்கும் அவர்கள் வர வேண்டும் இல்லையா.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வீட்டுக்காரர் இல்லையே என்று கலங்க வேண்டாம். நினைவோடு இருக்கும்வரை உங்கள் உடம்புக்கு உங்கள் சம்மதமே போதும்.

மகனுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். எனக்கும் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் ஆசையில் தப்பில்லை. ஆனால் வள்ளத்துக்குள் போன பணத்தை அவசரத்துக்கு வெளியே எடுக்க முடியாது. அவரிடம் பணத்துக்குப் பதிலாக நாட்களைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வரும் கீமோவுக்கு அவர் வரட்டும்.

டெபாசிட்டுக்கு நாமினி யார் என்று பாருங்கள். உங்களைப் போன்ற பலருக்கும் அதில் இறந்த கணவர் பெயரே இருக்கும், உடனே மாற்றுங்கள். சேமிப்புக் கணக்கில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் படுத்திருக்கும்போது பணம் பூட்டிக்கிடக்கக் கூடாது.

நகையை விற்க வேண்டாம். அவசரம் என்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வையுங்கள். வெளியே 2 ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். தாலியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாள், கூட்டம் அதிகம். செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள், மதினியையும் கூட்டிக்கொண்டு.