கட்டிப்போட்டு வளர்த்தால் காவல் நாய் ஆகுமா?

கேள்வி: இரண்டு மாத ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்கிறோம். "வெளியாள் யாரையும் தொட விடாதே, கொல்லையில் கட்டிப்போடு, அப்போதுதான் காவலுக்கு ஆகும்" என்கிறார் மாமனார். சரியா, டாக்டர்? (வாசகி, விருதுநகர்)

மாமனார் சொல்வதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அப்படி வளரும் நாய் காவல் காப்பதில்லை, பயந்து சாகிறது. பயந்த நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், சிலிண்டர் போடுபவரும் ஒன்றுதான், லீவுக்கு வரும் பேரனும் ஒன்றுதான்.

பிறந்த 3வது வாரம் முதல் ஏறக்குறைய 14வது வாரம் வரை பார்த்துப் பழகியதைத்தான் குட்டி 'இது நம்ம உலகம்' என்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பார்க்காத குடை, ஹெல்மெட், ஊன்றுகோல், தாடிக்காரர், கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள் எல்லாமே பிற்பாடு சந்தேகக் கேஸ். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஐந்தாறு வாரம்தான்.

தினம் ஒரு புது ஆளைக் காட்டுங்கள். தூக்கி அவர் கையில் திணிக்க வேண்டாம். அவர் உட்கார்ந்து, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைப் போடட்டும். குட்டி தானாக வரட்டும். வாலை ஒடுக்கினாலோ, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாலோ அன்றைக்கு அவ்வளவுதான், தள்ளிக் கூட்டிப்போய்விடுங்கள். ராஜபாளையம் எல்லார் மடியிலும் ஏறுகிற இனம் இல்லை. அந்நியரைக் கண்டால் பாயாமல் ஒதுங்கி நிற்கத் தெரிந்தால் போதும். குரைப்பு வயது வந்ததும் தானாக வரும், அதற்குக் கொல்லைப்புறம் தேவையில்லை.

இன்னொன்று. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரக்கூடிய இனம் இது. குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது கேட்காத குட்டியைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். அதைத் திமிர் என்று நினைத்து அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கைச்சைகையிலேயே அதற்கு எல்லாம் பழக்கலாம்.

கேள்வி: தடுப்பூசி முடியும்வரை வெளியே விடக்கூடாது என்கிறார்கள். அப்புறம் எப்படிப் பழக்குவது? (வாசகர், தாம்பரம்)

பார்வோ (குட்டிகளுக்கு வாந்தி, ரத்தக் கழிச்சல் வரவைக்கும் வைரஸ்) பயம் நியாயமானது, நம் தெருக்களில் அது நிறைய. முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், பிறகு 3-4 வாரத்துக்கு ஒன்றாக 16வது வாரம் வரை போகும். அதுவரை பூட்டி வைத்தால் மேலே சொன்ன பொன்னான வாரங்கள் போச்சு. அதனால் கால் தரையில் படாமல் ஊரைக் காட்டுங்கள். மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் கால் மணி நேரம், ரயில்வே கேட் அருகே காரில் கொஞ்ச நேரம். கிரேட் டேன் குட்டியென்றால் கை ஒடிந்துவிடும், தள்ளுவண்டி பாருங்கள். ஊசி போட்ட, சாதுவான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகலாம். முதல் ஊசியும் பூச்சி மருந்தும் ஆகி ஒரு வாரம் கழிந்தால், சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டி வகுப்புக்கே வரலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: நான்கு மாத ராட்வீலர், சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. தட்டுக்குள் கைவிட்டு 'யார் முதலாளி' என்று காட்டச் சொல்கிறார் கணவர். (வாசகி, ஈரோடு)

அவர் இலையில் தினமும் ஒருவர் கைவிட்டுத் துழாவினால் எத்தனை நாள் பொறுப்பார் என்று கேளுங்கள். இந்த 'ஆல்ஃபா', அதாவது 'கூட்டத்துக்கு ஒரு தலைவன்' என்கிற பேச்சு, கூண்டில் ஒன்றாக அடைத்த ஓநாய்களைப் பார்த்து வந்தது. அதைப் பிரபலப்படுத்திய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் அவரே பிற்பாடு அதைக் கைவிட்டார்.

உறுமுவது எச்சரிக்கை. அடித்தால் உறுமல் போய்விடும், கடி போகாது. அடுத்த முறை சத்தமில்லாமல் விழும். தட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, அதில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, ஒரு முட்டைத் துண்டை, வீசிவிட்டு நகர்ந்துவிடுங்கள். குட்டியின் உடம்பு விறைக்காத வரை சில நாளுக்கு ஓர் அடி நெருங்கலாம். விறைத்தால் பழைய தூரத்துக்கே போங்கள். நீங்கள் வந்தால் சோறு கூடும், குறையாது என்று அதற்குப் புரிய வேண்டும். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: பச்சைக்கறி போட்டால் வெறி பிடிக்குமா?

பிடிக்காது. ஆனால் கிருமியும் புழுவும் வரும், வேகவைத்தே போடுங்கள். மிளகாய்த்தூள் போட்டால் நாய் மூர்க்கமாகும் என்பதும் கட்டுக்கதைதான், வயிறு கெடும்.

கேள்வி: மூன்று மாத லாப்ரடார், என் மகன் கையைக் கடித்துக்கொண்டே இருக்கிறது.

அது விளையாட்டு. பையன் கத்தாமல், ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கட்டும். பிறகு கடிக்க ஒரு கயிறு கொடுங்கள். 4 முதல் 6 மாதத்துக்குள் பால் பல் விழும்போது கொஞ்சம் கூடத்தான் செய்யும். தோல் கிழிந்தால் மட்டும் 'நம்ம குட்டிதானே' என்று விடாதீர்கள். சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பதினோரு மாத ஜெர்மன் ஷெப்பர்ட். பெல்ட் போட்டு நடக்கும்போது திடீரென்று ஆட்கள் மேல் பாய ஆரம்பித்திருக்கிறது. ஒரு மாதம் டிரெய்னரிடம் விடலாமா? (வாசகர், கோவை)

விட்டால் டிரெய்னருக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்டு வரும். வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து உங்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தருபவராகப் பாருங்கள். முள் சங்கிலி எடுத்தால் அனுப்பிவிடுங்கள். ஆள் தெரிந்தும் நாய் இன்னும் பதறாத தூரம் ஒன்று இருக்கும், வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். இடைக்காலத்துக்குக் கூடை மாதிரி வாய்மூடி, அதுவும் முதலில் வீட்டில் பிஸ்கட் வைத்துப் பழக்கிய பிறகு. ஆனால் 'திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். வலியுள்ள நாய் யாரையும் கிட்டே விடாது. டிரெய்னரைத் தேடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.