மேட்டை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 'மழை வீட்டை டிஸ்இன்டக்ரேட் (துகள்துகளாகச் சிதைத்தல்) செய்தது' என்ற பொருளில் ஆங்கிலக் கட்டுரையில் எழுதினாள். அந்த வினைக்குச் செயப்படுபொருள் வராது என்று ஆசிரியை அடித்துவிட்டார். சரியா? அவளுக்கு எந்த அகராதி வாங்கலாம்? வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டி அறை கட்டும் வேலை நடப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

மகள் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை. அந்த வினை பெரும்பாலும் செயப்படுபொருள் இல்லாமல் வரும். செயப்படுபொருளோடு வருவதையும் அகராதிகள் ஏற்கின்றன. தட்டு இரண்டாக உடைந்தால் அந்தச் சொல் பொருந்தாது. மாத்திரை தண்ணீரில் துகள்துகளாகப் பிரிந்துபோவதற்குப் பொருந்தும். அகராதி எதுவானாலும் சரி, அவள் புரட்டினால் போதும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். குன்னூர்ப் பாதையில் புதிதாக வெட்டிய செம்மண் சுவர்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு மேடு வெட்டுவதைப் பற்றியே நினைப்பு.

நீலகிரியின் பாறை சார்னோக்கைட், மிக உறுதியானது. ஆனால் காலங்காலமாக இறங்கிய ஈரம் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கிவிட்டது. வெட்டிய இடத்தில் பாறையின் வரிகள் அப்படியே தெரியும். விரலால் அழுத்தினால் உதிரும். காய்ந்திருக்கும்போது அது செங்குத்தாக நிற்கும், நாமும் நம்பிவிடுவோம். அடைமழையில் மண்ணின் இடுக்குகளில் நீர் நிரம்பி, அதன் அழுத்தம் துகள்களின் பிடியைத் தளர்த்தும். அடிப்பக்கத்தை ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால் மேலே இருப்பதை எது தாங்கும்? 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், ஊட்டி பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் செத்தார்கள். மழை அதிகம் என்றோம். மழை அதிகம்தான். சரிவை நறுக்கியதும், ஓடைகளை மூடியதும், சோலைகளை அழித்ததும் யார்?

மகளின் ஒரு வாக்கியத்தை அடித்ததற்கு இவ்வளவு வருந்தும் அப்பா, அவள் படுக்கும் அறைக்குப் பின்னால் ஜேசிபியை நிறுத்தலாமா? கோபமாகவே கேட்கிறேன். மலையில் பிறந்தவர் நீங்கள், உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையை நிறுத்துங்கள். விவரம் தெரிந்த புவியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வெட்டியதுவரை தார்ப்பாய் போட்டு மூடி, மேலிருந்து வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஒதுக்கிவிடுங்கள். தடுப்புச்சுவர் கட்டச் சொன்னால், நீர் வடியத் துளை இல்லாமல் கட்டாதீர்கள். சமையலறைத் தண்ணீரை மேட்டில் விடவே கூடாது. அப்புறம், ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை மகளை முன்னறையில் படுக்கவையுங்கள்.